மூன்று மீட்டர் உயர்ந்த ஏரி: சதர்ன் இந்தியன் ஏரியில் மீன்பிடித் தொழில் சரிந்தது எப்படி? – ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் மனிடோபா மாகாணத்தின் வடபகுதியில் சதர்ன் இந்தியன் என்றொரு பெரிய நன்னீர் ஏரி இருக்கிறது. பெயரில் உள்ள ‘இந்தியன்’ அந்த நாட்டின் பூர்வகுடிகளைக் குறிப்பது. நம் நாட்டோடு அதற்குத் தொடர்பில்லை. 1976இல் நீர்மின் திட்டம் ஒன்றுக்காக இந்த ஏரியின் மட்டம் சுமார் 3 மீட்டர் உயர்த்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், வடக்கு மனிடோபாவிலேயே பெரியதாக இருந்த வொயிட்ஃபிஷ் மீன்பிடித் தொழில் சரிந்தது.

அணை கட்டி ஊரை மூழ்கடித்த கதைகள் உலகில் ஏராளம். இதைத் தனியாக எடுத்து எழுத இரண்டு காரணங்கள். முதலாவது, இங்கே ஒரு மோசமான திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, அதைவிட மிதமான திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த மிதமான திட்டமே இத்தனையையும் செய்தது. இரண்டாவது, தண்ணீர் ஏறுவதற்கு முன்பும் பின்பும் ஒரே விஞ்ஞானிகள் குழு ஏரியை அளந்தது. தாங்கள் முன்பு சொன்னதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று 1984இல் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். இப்படி ஒரு பதிவு கிடைப்பது அபூர்வம்.

ஏரியும் அதன் கரையும்

சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடக்கே தொடங்கி ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் சர்ச்சில் ஆறு, பாதி வழியில் அகன்று பரவும் இடம்தான் இந்த ஏரி. தாம்ப்சன் நகருக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஸ்ப்ரூஸ் மரக்காடுகளுக்கு நடுவே கிடக்கிறது. அணைக்கு முன் பரப்பு கிட்டத்தட்ட 2,000 சதுர கிலோமீட்டர். தீவுகளும் முனைகளும் குடாக்களுமாகச் சிதறிய வடிவம். பரப்புக்கு ஏற்ற ஆழம் கிடையாது, சராசரியாக 10 மீட்டர்தான். நொடிக்குச் சுமார் 1,000 கன மீட்டர் தண்ணீர் கொண்டுவரும் ஆறு உள்ளே நுழைவதால், ஒரு வருடத்துக்குள் ஏரி நீர் முழுவதும் மாறிவிடும். நவம்பரில் உறைந்தால் ஜூன் வாக்கில்தான் பனி விலகும்.

கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது இந்தப் பகுதி அகாசி என்ற மாபெரும் பனியாற்று ஏரியின் அடியில் கிடந்தது. அதன் வண்டல் மெல்லிய களிமண்ணாகப் பாறைமீது படிந்தது. பிறகு வந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சதர்ன் இந்தியன் ஏரியின் அலைகள், தங்களுக்கு எட்டிய மட்டத்தில் இருந்த களிமண்ணையெல்லாம் கழுவி எடுத்துவிட்டன. மிஞ்சியது பாறையும் சரளையும். அதனால்தான் தண்ணீர் தெளிவாக இருந்தது.

ஆனால் அலை எட்டாத உயரத்தில், கரையிலிருந்து சில அடி மேலே, களிமண் அப்படியே இருந்தது. அதன் பல இடங்களில் மண்ணுக்குள் பனிக்கட்டி அடுக்கடுக்காக உறைந்திருக்கும். நிரந்தர உறைநிலம் என்கிறோமே, அதுதான். மேலே உள்ள பாசிப் படுகை வெயிலைத் தடுப்பதால்தான் கோடையிலும் உள்ளே உருகாமல் நிற்கிறது. நன்றாக உறைந்திருக்கும்வரை கல் மாதிரி உறுதி. தண்ணீர் பட்டு உருகினால் குழம்பாகிச் சரிந்துவிடும்.

ஏரியை நம்பிய ஊர்

ஏரியின் தென்பகுதியில், ஒரு நீரிடுக்கை ஒட்டி க்ரீ பூர்வகுடி மக்களின் கிராமம் இருந்தது. சில நூறு பேர் வாழ்ந்த ஊர். வேட்டை, கண்ணி வைத்து உரோம விலங்கு பிடிப்பது, மீன்பிடிப்பு என்று மூன்றும் கலந்த வாழ்க்கை. குடும்பங்கள் உறவுமுறைப்படி கரையோரமாகப் பரவி வீடு கட்டியிருந்தன. அவரவர் வீட்டு வாசலிலிருந்தே படகை எடுக்க முடியும்.

1942இல் வணிக மீன்பிடிப்பு தொடங்கியது. வொயிட்ஃபிஷ் என்னும் மீன்தான் முதன்மை. குளிர்ந்த வடக்கு ஏரிகளில் அடியை ஒட்டி மேயும், வெள்ளிச் செதில்கள் கொண்ட மீன் இது. கோடையில் படகில் செவுள் வலை போடுவார்கள்; குளிர்காலத்தில் பனியில் துளை போட்டு அடியில் வலையை இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் காலத்தில் வடக்கு மனிடோபாவின் பல பூர்வகுடி ஊர்கள் அரசு உதவித்தொகையை எதிர்பார்த்து நிற்க, இந்த ஊர் பெருமளவு தன் காலில் நின்றது. இதைச் சொல்வது அவசியம். இழப்பீடு பற்றிப் பின்னால் வந்த பேச்சுகளில், இந்த ஊர் இழந்தது என்ன என்பது பலமுறை மங்கிப்போனது.

வொயிட்ஃபிஷ்ஷுக்கு விலை எடையால் மட்டும் அமைவதில்லை, தரத்தால் அமைகிறது. அதைத் தீர்மானிப்பது ஒரு சின்ன ஒட்டுண்ணி. பைக் என்ற கொன்றுண்ணி மீனின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழு, தன் வாழ்க்கைச் சுழற்சியின் நடுக்கட்டத்தில் வொயிட்ஃபிஷ்ஷின் சதைக்குள் மஞ்சள் நிறக் கட்டியாக உறங்கும். மனிதருக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் தட்டில் பார்த்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால் மீனைத் துண்டமாக்கி, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் வைத்து, ஒளி ஊடுருவும்போது தெரியும் கட்டிகளை எண்ணுவார்கள். இவ்வளவு எடைக்கு இத்தனை கட்டிக்குள் இருந்தால் ஏற்றுமதித் தரம். தாண்டினால் கீழ்த்தரம், விலையும் அப்படியே இறங்கும்.

சதர்ன் இந்தியன் ஏரியில் எல்லா வொயிட்ஃபிஷ்ஷும் ஒன்றல்ல. வெளிர் நிறத்தில், கட்டிகள் குறைவாக உள்ளவை சில இடங்களில் கூடும். கருத்த நிறத்தில், கட்டிகள் நிறைந்தவை வேறு இடங்களில் இருக்கும். மீனவர்களுக்கு இது அத்துப்படி. அவர்கள் வலை போட்ட இடங்கள் முதல் வகை கிடைக்கும் இடங்கள். ஆக, ஊரின் பிழைப்பு ஏரியில் மொத்தம் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதைப் பொறுத்து அமையவில்லை. குறிப்பிட்ட சில மீன்பிடி இடங்களில் குறிப்பிட்ட வகை மீன் தொடர்ந்து கூடுகிறதா என்பதைப் பொறுத்து அமைந்தது.

திட்டம்

சர்ச்சில் ஆறும் நெல்சன் ஆறும் வடக்கு மனிடோபாவில் கிட்டத்தட்ட இணையாக ஓடி ஹட்சன் விரிகுடாவில் சேர்கின்றன. மாகாண மின் நிறுவனம் நெல்சன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வரிசையாக நீர்மின் நிலையங்கள் கட்டத் திட்டமிட்டது. இரண்டு ஆறுகளிலும் தனித்தனியாக அணை கட்டுவதைவிட, சர்ச்சில் ஆற்றின் தண்ணீரை நெல்சனுக்குத் திருப்பிவிட்டால் அதே சுழலிகள் அதிக மின்சாரம் தரும். கணக்கு எளிமையானது.

அதற்கு வாசல் சதர்ன் இந்தியன் ஏரி. ஏரியின் தெற்குக் குடாவுக்கும் ரேட் ஆற்றுப் படுகைக்கும் நடுவே தாழ்வான மேடு ஒன்றுதான் இருக்கிறது. ஏரியின் இயல்பான வெளியேற்றமான மிஸ்ஸி அருவியில் தடுப்பணை கட்டி மட்டத்தை உயர்த்தி, தெற்கில் கால்வாய் வெட்டினால், தண்ணீர் ரேட் ஆறு, பர்ன்ட்வுட் ஆறு வழியாக நெல்சனுக்கு ஓடிவிடும்.

1969: பத்து மீட்டரா, மூன்று மீட்டரா

முதலில் முன்வைக்கப்பட்டது உயர்மட்டத் திட்டம். ஏரியைச் சுமார் 10 மீட்டர் உயர்த்துவது. கிராமம் முழுவதும் நீருக்குள் போய்விடும். 1969 தொடக்கத்தில் நடந்த பொது விசாரணைகளில் கிராமத்தாரும், வினிபெக் நகரின் பல்கலைக்கழக ஆட்களும் கடுமையாக எதிர்த்தார்கள். விவகாரம் மாகாண அரசியலின் நடுவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூனில் நடந்த தேர்தலில் ஆட்சி மாறியது. உயர்மட்டத் திட்டத்தை எதிர்த்த கட்சி அரசமைத்தது.

புதிய அரசு திட்டத்தை மறுபரிசீலனை செய்து, சுமார் 3 மீட்டர் உயர்த்தும் தாழ்மட்டத் திட்டத்துக்கு வந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மின்தேவை ஏறிக்கொண்டிருந்தது. நெல்சனில் கெட்டில் நிலையம் ஏற்கெனவே கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஏரிக்கும் ஊருக்கும் ஆகும் பாதிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது கேட்பவர் காதுக்கு நியாயமாகவே படும்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையத் தவறு இங்கேதான் இருக்கிறது. மூன்று மீட்டரைப் பத்து மீட்டரோடு ஒப்பிட்டார்கள். அதை ஒப்பிட்டிருக்க வேண்டியது உயர்த்தப்படாத ஏரியோடு. பாதிப்பு உயரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும் என்பது யாரும் சோதிக்காத ஒரு அனுமானம். கரையின் அமைப்பைப் பார்த்தால் அது பொருந்தாது. அலையைப் பாறையிலிருந்து தூக்கி உறைந்த களிமண்மேல் வைப்பதற்கு மூன்று மீட்டரே தாராளம்.

ஆய்வும் உரிமமும்

1971இல் கனடிய அரசும் மாகாண அரசும் சேர்ந்து ஒரு ஆய்வு வாரியம் அமைத்தன. மீன், மண், நீர், மக்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து 1975இல் அறிக்கை தர வேண்டும். ஆனால் திட்டத்துக்கான இடைக்கால உரிமம் 1972 இறுதியிலேயே வழங்கப்பட்டுவிட்டது, கட்டுமானமும் தொடங்கிவிட்டது. அறிக்கை வந்தபோது அணை முடியும் தறுவாயில் இருந்தது. ஆகவே ‘செய்யலாமா’ என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் இடமே இருக்கவில்லை. ‘செய்த பிறகு என்ன ஆகும், எப்படிச் சமாளிப்பது’ என்பதுதான் மிச்சம்.

கிராமத்தார் தரப்பில் வழக்கறிஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். 1974இல் பாதிக்கப்படும் வட பகுதி ஊர்கள் சேர்ந்து ஒரு வெள்ள பாதிப்புக் குழுவை அமைத்தன. கட்டுமானத்தை நிறுத்த முடியவில்லை.

விஞ்ஞானிகளின் முன்கணிப்பில் சில விஷயங்கள் சரியாகவே இருந்தன. கரை அரிக்கும், ஏரி கலங்கும், வெளிச்சம் உள்ளே இறங்குவது குறையும் என்று சொன்னார்கள். மீன்பிடித் தொழில் உடைந்துபோகும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பாதரசம் பற்றிப் பேச்சே எழவில்லை.

தண்ணீர் ஏறிய பிறகு: கரை

1976இல் ஏரி உயர்ந்தது. பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடி 2,400 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. மிஸ்ஸி அருவி வழியே முன்பு ஓடிய ஆற்றின் பெரும்பகுதி தெற்கே திரும்பியது. அருவிக்குக் கீழே விடவேண்டிய குறைந்தபட்ச நீர் என்று உரிமம் சொன்னது, பனியில்லாத மாதங்களில் நொடிக்கு 14 கன மீட்டர், பனிக்காலத்தில் 42 கன மீட்டர். முன்பு ஓடிய ஆயிரம் கன மீட்டரோடு வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு என்று புரியும்.

புதிய நீர்விளிம்பின் பெரும்பகுதி களிமண்மேல் விழுந்தது. அலை அடிக்கும் இடத்தில் மண்ணுக்குள் இருந்த பனி உருகும். அடியில் குடைவு விழும். மேலே பாசியும் மரமுமாக இருக்கும் விளிம்பு தொங்கி, ஒருநாள் மொத்தமாகச் சரிந்து தண்ணீருக்குள் போகும். குழம்பான மண்ணை அலை இழுத்துச் செல்லும். புதிதாக வெளிப்பட்ட உறைமண் மறுபடி உருகத் தொடங்கும். காற்றுக்கு நேரே நின்ற கரைகள் சில இடங்களில் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் பின்வாங்கின. பின்னால் பாறை தட்டுப்படும்வரை இது நிற்பதில்லை. முழு ஏரியும் அந்த நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று அளந்தவர்கள் கணித்தார்கள்.

கரையோரக் காடுகள் பெரும்பாலும் வெட்டி அகற்றப்படாமலேயே மூழ்கின. ஸ்ப்ரூஸ் மரங்கள் வேரோடு பெயர்ந்து மிதந்தன. சில நிமிர்ந்தபடியே நீருக்கடியில் நின்றன. படகு ஓட்டுபவருக்கு அவை ஆபத்து. வலையில் மீனுக்குப் பதில் கட்டையும் நாரும் சிக்கின, வலை கிழிந்தது. கரையில் இறங்கக்கூட இடமில்லாத அளவுக்குச் சாய்ந்த மரங்கள் ஏரியைச் சுற்றி வேலி கட்டிவிட்டன. வேட்டைக்குப் போகிறவர்கள் வழக்கமாக இறங்கிய துறைகள் இல்லாமல் போயின.

மீன்

முதல் சில ஆண்டுகளிலேயே மீனவர்கள் சொன்னது இதுதான்: பழைய இடங்களில் மீன் இல்லை. அதே வலையை அதே நேரத்துக்குப் போட்டாலும் கிடைப்பது குறைந்தது. அளவீடுகளும் இதை உறுதி செய்தன.

ஏன்? ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களை முன்வைத்தார்கள். ஏரி கலங்கி வெளிச்சம் குறைந்ததால் மீன்கள் கூடும் இடங்கள் மாறியிருக்கலாம். தண்ணீர் புதிய வழியில் தெற்கே ஓடத் தொடங்கியதால் ஒரு பகுதி மீன்கள் அதோடு ஏரியை விட்டு வெளியேறியிருக்கலாம்.

மீனவர்கள் கைகட்டி உட்காரவில்லை. எரிபொருளைச் செலவழித்து அதிக தூரம் போய், முன்பு வலை போடாத இடங்களில் போட்டார்கள். மீன் கிடைத்தது. ஆனால் அது அந்தக் கருத்த வகை, கட்டிகள் நிறைந்தது. விளக்கு மேசையில் வைத்ததும் தரம் இறங்கியது. மொத்தப் பிடிப்பு எடையில் உடனே பெரிதாக விழவில்லை; பல மாதிரிக் கலந்து வந்த மீனின் தரம் ஏற்றுமதி நிலையிலிருந்து கீழே போனது. செலவு கூடி விலை குறைந்தபோது தொழில் கட்டுப்படியாகவில்லை.

எடைக்கணக்கை மட்டும் பார்த்திருந்த ஒருவருக்கு, சரிவின் முதல் கட்டம் கண்ணில் பட்டிருக்காது. வொயிட்ஃபிஷ் அங்கேதான் இருந்தது. விற்கக்கூடிய வொயிட்ஃபிஷ் இல்லை. முன்கணிப்பு செய்தவர்கள் ஏரியை ஒரு மொத்தமாகப் பார்த்தார்கள்: இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு பாசி, ஆகவே இவ்வளவு மீன். மீனவர்கள் ஏரியைத் துறைதுறையாக அறிந்தவர்கள். எந்த முனையில் எந்த மாதத்தில் எந்த நிறத்து மீன் வரும் என்ற அறிவை மாதிரிக் கணக்கில் சேர்த்திருந்தால் சரிவு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கேட்கவேண்டிய கேள்வியாவது மேசைக்கு வந்திருக்கும்.

பாதரசம்

இது யாரும் எதிர்பாராதது. ஏரியைச் சுற்றி எந்தத் தொழிற்சாலையும் இல்லை. யாரும் பாதரசத்தைக் கொட்டவில்லை. இருந்தும் பைக், வால்ஐ போன்ற கொன்றுண்ணி மீன்களின் சதையில், முன்பு பத்து லட்சத்தில் 0.2 முதல் 0.3 பங்காக இருந்த பாதரசம், 0.5 முதல் 1.0 வரை ஏறியது. கனடாவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.5.

காரணம் மூழ்கிய மண். காட்டு மண்ணிலும் பாசியிலும் இயற்கையாகவே மிகச் சிறிதளவு பாதரசம் உண்டு. அது அங்கேயே கிடந்தால் தொல்லை இல்லை. தண்ணீர் மூடியதும் இலைதழை அழுகத் தொடங்குகிறது, உயிர்வளி குறைகிறது, சில வகை பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை அந்தப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. உயிருக்குள் எளிதில் நுழைந்து வெளியேறாமல் தங்கும் வடிவம் அது. நுண்ணுயிரிலிருந்து சிறு மீன், சிறு மீனிலிருந்து பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். வொயிட்ஃபிஷ் கீழ்ப்படியில் மேய்வதால் அதில் ஏற்றம் குறைவு. ஊரார் வீட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளும் பைக்கிலும் வால்ஐயிலும்தான் அதிகம். தெற்கே ரேட் ஆற்றுப் பாதையில், சிறிய ஏரிகளைச் சுற்றிப் பெரும் நிலம் மூழ்கிய இடங்களில் அளவு இன்னும் மோசமாக இருந்தது.

இந்தப் படுகையில் செய்யப்பட்ட நீண்டகால அளவீடுகளின்படி, மூழ்கிய 2 முதல் 8 ஆண்டுகளுக்குள் பாதரசம் உச்சத்தைத் தொடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப 10 முதல் 23 ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒரு குழந்தை வளர்ந்து பெரியவராகும் காலம். அதுவரை ‘இந்த மீனை வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் சாப்பிடாதீர்கள்’ என்ற எச்சரிக்கையோடு வாழவேண்டும். கடை தொலைவில், அங்கே விலையும் அதிகம் என்ற ஊரில், இலவசமாகக் கிடைத்த நல்ல உணவின்மேல் சந்தேகம் விழுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை.

இதிலிருந்து ஒரு நன்மை விளைந்தது. சதர்ன் இந்தியன் ஏரியில் கண்டதைப் பின்தொடர்ந்து, வடமேற்கு ஒன்டாரியோவில் உள்ள பரிசோதனை ஏரிகள் பகுதியில் 1990களில் ஒரு சதுப்புநிலத்தை வேண்டுமென்றே மூழ்கடித்து ஆராய்ந்தார்கள். நீர்த்தேக்கம் கட்டினால் பாதரசம் ஏறும் என்பது இன்று அணைத் திட்ட மதிப்பீடுகளில் சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி.

இடமாற்றமும் இழப்பீடும்

‘மிதமான’ திட்டத்திலும் கிராமம் தப்பவில்லை. மேட்டு நிலத்தில் புதிய குடியிருப்பு உருவானது. கரையோரம் உறவுக்காரர்களோடு பரவியிருந்த வீடுகள் போய், நெருக்கமாக வரிசை கட்டிய வீடுகள் வந்தன. வாசலில் படகு என்பது முடிந்தது.

1977இல் மத்திய அரசு, மாகாண அரசு, மின் நிறுவனம் ஆகியவை ஐந்து பூர்வகுடிச் சமூகங்களோடு வட பகுதி வெள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஐந்தில் இந்த ஊர் இல்லை. அது தனிப் பூர்வகுடி அரசாக அங்கீகரிக்கப்படவில்லை, ஒதுக்கப்பட்ட நிலமும் அதற்கு இல்லை என்பது காரணம். ஏரியே யாருடைய வாசலோ, அவர்கள் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றார்கள். மீனவர்களுக்குத் தனியாக உதவிகள் வந்தன. ஊரோடு ஒரு தீர்வு ஒப்பந்தம் 1992இல்தான் ஏற்பட்டது. ஓ-பிபோன்-நா-பிவின் க்ரீ நேஷன் என்ற பெயரில் தனி அங்கீகாரம் 2005இல் கிடைத்தது. 2015 ஜனவரியில் மாகாணத்தின் அப்போதைய முதல்வர், நீர்மின் திட்டங்களால் பாதிக்கப்பட்ட பூர்வகுடி மக்களிடம் பொது மன்னிப்புக் கேட்டார்.

இன்னொரு அரை அடி

மூல உரிமத்தின்படி ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 844 அடிக்கும் 847 அடிக்கும் நடுவே இருக்கவேண்டும். பன்னிரண்டு மாதங்களில் 2 அடிக்கு மேல் இறக்கக்கூடாது. 1980களின் நடுவிலிருந்து இந்த வரம்பு ஆண்டுதோறும் தளர்த்தப்பட்டது. மேலே 847.5, கீழே 843, ஓராண்டில் 4.5 அடிவரை இறக்கலாம். குளிர்காலத்தில் மின்தேவை உச்சம் என்பதால் அப்போதுதான் ஏரியை இறக்குவார்கள்.

காகிதத்தில் பார்த்தால் மேலே அரை அடி, கீழே ஒரு அடி. ஏரியில் அது வேறு. நவம்பரில் உறைந்த பனித்தட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் விலகினால், கரையோரத்தில் பனி தாங்கலில்லாத பந்தல்போல் தொங்கும். விரிசல் வழியே நீர் மேலேறிப் பனிக்கூழாகிப் புதையும். ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியில் போகிறவர் முன்கூட்டி அறிய வழியில்லை. மீனவர்களின் இன்னொரு புகாரும் நியாயமானது. வொயிட்ஃபிஷ் இலையுதிர்காலக் கடைசியில் ஆழமில்லாத இடங்களில் முட்டையிடுகிறது. முட்டை குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து வசந்தத்தில் பொரியவேண்டும். நடுவில் மட்டம் நாலரை அடி இறங்கினால் பனித்தட்டு முட்டைமீதே உட்கார்ந்துவிடும். ஊர் இந்தத் தளர்வைத் தொடர்ந்து எதிர்த்தது. 2021 மே மாதத்தில் மாகாணம் வழங்கிய இறுதி உரிமம் அதை நிரந்தரமாக்கியது.

தற்காலிகம் என்று ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தது முப்பத்தைந்து வருடம் கழித்து நிலையான விதியாயிற்று. 1969இல் நடந்த அதே தர்க்கம்தான் இங்கும்: ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றம்.

எதை மாற்றிச் செய்யலாம்

முதலில், ஒப்பீட்டு அடிப்படை. இரண்டு திட்டங்களில் எது குறைந்த தீங்கு என்ற கேள்வியோடு நிறுத்தாமல், தேர்ந்தெடுத்த திட்டத்தைத் தலையீடு இல்லாத நீர்நிலையோடு தனியாக ஒப்பிட்டு எழுதவேண்டும். உறைநிலக் கரை உள்ள ஏரியில், உயரத்தைவிட ‘அலை எந்த மண்ணில் அடிக்கப்போகிறது’ என்ற வரைபடமே முக்கியம். அதை அணை கட்டுமுன் ஒரு கோடைக்காலத்தில் வரைந்துவிடலாம்.

அடுத்தது, ஆய்வு முடியாமல் உரிமம் இல்லை என்பது. இங்கே வாரியத்தில் இருந்தவர்கள் நேர்மையான, திறமையான ஆட்கள். அவர்கள் கையில் நேரமும் அதிகாரமும் இல்லை. இடைக்கால உரிமம் என்ற ஏற்பாடே ஆய்வைப் பின்னுக்குத் தள்ளும் கருவியாக மாறியது. அதற்குக் காலாவதித் தேதி இருந்திருக்கவேண்டும்.

மீன்வளத்தை எடையில் அளப்பது போதாது. தரம், இடம், பிடிக்க ஆகும் செலவு மூன்றையும் அணைக்கு முன்பே ஒவ்வொரு மீன்பிடி இடத்துக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவு மீனவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சம்பளம் கொடுத்து அவர்களோடு உட்கார்ந்து எழுதினால் போதும். இழப்பீடு பேசும்போது ‘மொத்தப் பிடிப்பு அவ்வளவாகக் குறையவில்லையே’ என்ற வாதத்துக்கு அப்போது இடம் இருக்காது.

அப்புறம், மூழ்கப்போகும் நிலத்தின் மரங்களை வெட்டி எடுப்பது. பாதரசத்தை அது முழுதாகத் தடுக்காது, ஏனென்றால் சிக்கலின் பெரும்பகுதி மண்ணிலும் பாசியிலும் இருக்கிறது. ஆனால் வலையும் படகும் தப்பும், கரையில் இறங்க வழியிருக்கும்.

பாதிக்கப்படும் ஊருக்குச் சட்ட அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பார்த்து ஒப்பந்த மேசையில் நாற்காலி போடுவதை நிறுத்தவேண்டும். ஏரியில் வலை போடுகிறவர் யாரோ அவர் ஒரு தரப்பு.

கடைசியாக இயக்க விதிகள். மின்தேவைக்காகக் குளிர்காலத்தில் மட்டத்தை இறக்கும் உரிமை யாருக்கு, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதை மீன் முட்டையிடும் காலத்தோடு சேர்த்து எழுதலாம். அக்டோபரில் மீன் முட்டையிடத் தொடங்குமுன் மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி, அங்கிருந்து வசந்தம்வரை இறக்கத்தைக் குறுக்கினால் மின்சாரத்தில் ஒரு பகுதி இழப்பு வரும். அந்த இழப்பு எத்தனை யூனிட் என்பதைக் கணக்கிடும் கருவிகள் மின் நிறுவனத்திடம் இருக்கின்றன. அடுத்த உரிம விசாரணையில் அந்த எண்ணைப் பொதுவில் வைக்கச் சொல்லிக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.